ஏர் ரைஃபிள் குறி தவறினால்: மலைப்பகுதிக்கான பிழை நீக்கும் வழிமுறை

சென்ற மழைக்காலத்தில் அக்காள் மகன் கோத்தகிரிக்கு வந்திருந்தான். கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "மாமா, இதை நாமும் செய்தால் என்ன?" என்றான். அமெரிக்காவில் யாரோ ஒருவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து, சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பித் தோட்டா செய்துகொண்டிருந்தார். கருவி என்று பார்த்தால் உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்று, மரச்சுத்தியல் ஒன்று. ரிச்சர்ட் லீ 1958-இல் தொடங்கிய தொழிலிலிருந்து வந்த அந்த லீ லோடர், காசில்லாதவனும் தோட்டா நிரப்பலாம் என்று அந்த நாட்டில் பேரெடுத்த சாமான்.

இங்கே அது நடக்காது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். வீட்டு மேசையில் நாலே நாலு தோட்டா செய்தாலும் அது குற்றம்தான். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற பஸ் அருவங்காட்டைத் தாண்டும்போது கார்டைட் தொழிற்சாலையின் நீண்ட மதிலைப் பார்த்திருப்பீர்கள். தோட்டாவுக்கான உந்துமருந்து நூறாண்டுக்கும் மேலாக அந்த மதிலுக்குள்தான் தயாராகிறது. மருந்து சம்பந்தப்பட்ட வேலை அங்கேயே இருக்கட்டும் என்று அவனிடம் சொன்னேன்.

ஆனால் அந்தக் காணொளியில் அவனை இழுத்தது மருந்து அல்ல. ஒவ்வொன்றாக எடை பார்ப்பது, உருட்டிப் பார்ப்பது, ஒரே மாதிரி பொருத்துவது, பிறகு சுட்ட குறி அட்டையில் துளைகளை அளப்பது: அந்தக் கைவேலைதான். அத்தனையையும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் செய்யலாம். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. எங்கள் தேயிலைக் கிடங்கின் பின்புறக் கொட்டகையில் நான் பத்து மீட்டர் அளந்து வைத்திருக்கிறேன். அங்கே வருகிறவர்கள் சொல்லும் குறைகளையும், அவற்றைத் தேடிப் பிடிக்கும் வரிசையையும் கீழே எழுதுகிறேன். இது ஸ்பிரிங் வைத்த, குழலை மடக்கி ஏற்றும் ரகத்துக்கானது. தொடக்கக்காரர் கையில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

கை வைப்பதற்கு முன்

குழலுக்குள் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மடக்கிய குழலில் குண்டு போடும்போது மற்றொரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். விசை தானாக விடுபட்டால் குழல் திரும்பி மூடும் வேகத்தில் விரல் போய்விடும். கண்ணாடி அணியுங்கள். அட்டைக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் தடுப்பும், தடுப்புக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத மண்மேடும் வேண்டும். எங்கள் பக்கம் தேயிலைச் செடிக்குள் கொழுந்து பறிக்கும் பெண்கள் குனிந்திருந்தால் பத்தடி தூரத்திலும் தெரியாது. குண்டு ஈயம் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள். குரங்கை, பன்றியை விரட்ட ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் காற்றுத் துப்பாக்கி என்று பார்த்து விட்டுவிடாது.

கருவிகள் அதிகமில்லை. சரியாகப் பொருந்தும் இரண்டு திருப்புளிகள், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறு மின்தராசு, ஒரு கண்ணாடித் துண்டு, தூண்டில் நரம்பு, பஞ்சுத் துணி, காது குடையும் பஞ்சுக்குச்சி, மை தீர்ந்த பேனா ஒன்று, நகச்சாயம், ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு எதற்கு என்று சிரித்தவர்கள் எல்லோரும் பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

"குண்டு அட்டை முழுக்கச் சிதறுகிறது"

பத்தில் எட்டுப் பேர் இதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். வரும்போதே தீர்ப்பையும் கொண்டுவருகிறார்கள்: குழல் மட்டம், குண்டு மட்டம், வேறு வாங்க வேண்டும். பொறுங்கள். செலவில்லாததிலிருந்து தொடங்கி இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஸ்க்ரூக்கள். ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது முன்னும் பின்னுமாக இரண்டு தடவை உதறுகிறது. அந்த உதறலில் கட்டையையும் இரும்பையும் பிணைக்கும் ஸ்க்ரூக்கள் தாமாகக் கழலும். மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. மழைக்காலத்தில் கட்டை ஈரம் வாங்கி ஊதும், தை மாதத்துக் காய்ச்சலில் சுருங்கும். ஆனியில் இறுக்கிய ஸ்க்ரூ தையில் லூசாகியிருக்கும். இறுக்கிய பிறகு ஸ்க்ரூத் தலையிலிருந்து கட்டை வரை நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் ஸ்க்ரூ கழன்றிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். தொலைநோக்கி பொருத்தியிருந்தால் அதன் பிடிகளையும் பாருங்கள். சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கான தொலைநோக்கி இந்த முன்பக்க உதறலைத் தாங்காமல் உள்ளே உடைந்துபோகும்.

அடுத்தது பிடிக்கிற விதம். சொன்னால் கோபம் வரும், ஆனால் குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். மற்ற துப்பாக்கியைப் போல இதை இறுக்கிப் பிடித்தால், குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே நிகழும் உதறல் ஒவ்வொரு தடவையும் உங்கள் கையின் இறுக்கத்துக்கேற்ப ஒவ்வொரு பக்கம் திரும்பும். விரித்த உள்ளங்கையில், எப்போதும் அதே இடத்தில், துப்பாக்கி தானாகக் கிடக்க வேண்டும். மணல் மூட்டையின் மேலோ ஜன்னல் கட்டையின் மேலோ நேரடியாக வைக்காதீர்கள். மூட்டை மேல் கை, கை மேல் துப்பாக்கி. அக்காள் மகன் முதல் நாள் மேசை விளிம்பில் சாய்த்துச் சுட்டான். ஐந்து குண்டும் தீப்பெட்டியளவு இடத்தில் பரவின. கையை விரித்துப் பிடித்த பிறகு அதே டப்பாக் குண்டு ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. நடுவில் எதையும் மாற்றவில்லை, காசும் செலவாகவில்லை.

பிறகுதான் குண்டைப் பார்க்க வேண்டும். காற்றுத் துப்பாக்கிக் குண்டுக்குத் தலை, இடுப்பு, பாவாடை என்று மூன்று பகுதி. பின்னால் குழிந்து விரிந்திருக்கும் அந்தப் பாவாடைதான் காற்றைத் தாங்கிக் குழலுக்குள் வெட்டிய சுழல் வரிகளைப் பிடிக்கிறது. ஈயம் மென்மையானது, மலைப்பாதை வளைவுகளில் டப்பா குலுங்கியே பாவாடைகள் நசுங்கிவிடும். டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்து, ஒவ்வொன்றின் பின்வட்டத்தையும் பாருங்கள். முட்டை வடிவில் நசுங்கியதைத் தனியே வையுங்கள்.

மிச்சத்தைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். கண்ணாடித் துண்டின் ஒரு விளிம்புக்கடியில் பென்சில் கொடுத்து லேசாகச் சாய்த்து மேலிருந்து குண்டை விட்டால், நேராக உருளாது. பாவாடை அகலம், தலை சிறிது ஒடுக்கம் என்பதால் வில் போல வளைந்து ஓடும். நல்ல குண்டுகள் எல்லாம் ஒரே வளைவில் ஓடி ஏறத்தாழ ஒரே இடத்தில் இறங்கும். கோணலானது தள்ளாடி எங்காவது போய்ச் சேரும். ஒரு டப்பாவை இப்படி உருட்டிப் பிரிக்க அரை மணி நேரம் ஆகும். மழை நாளில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

எடை பார்ப்பதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. போட்டிகளில் பயன்படும் தட்டைத்தலைக் குண்டு சுமார் 0.53 கிராம். உங்கள் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்றால் 0.52, 0.53, 0.54 என்று மூன்று குவியலாகப் பிரிக்கலாம், அவ்வளவே. அடுத்தடுத்த குவியல்களுக்கு இடையே பத்து மீட்டரில் வரும் ஏற்றத்தாழ்வு அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. நசுங்கிய ஒரே ஒரு பாவாடை அதைப்போலப் பல மடங்கு இழுத்துவிடும். உருட்டிப் பார்க்காமல் எடை மட்டும் பார்ப்பது வாசலைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுகிற கதை. பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், கொட்டகைக் காற்று படாமல் தராசை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். பத்துக் குண்டுக்கு ஒரு தடவை ஒரே நாணயத்தை வைத்து அளவு நகரவில்லையே என்று சரிபாருங்கள்.

"மேட்டுப்பாளையத்தில் நடுவில் விழுந்தது, ஊட்டியில் கீழே விழுகிறது"

உங்கள் கண்ணில் குறையில்லை, துப்பாக்கியிலும் இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கோயம்புத்தூர்ச் சமவெளியோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிரிங் துப்பாக்கி வெளிக்காற்றைத்தான் உள்ளே வாங்குகிறது; ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் அதை அமுக்கிக் குண்டைத் தள்ளுகிறது. காற்று மெலிந்தால் தள்ளும் பலமும் சற்றுக் குறையும்.

கணக்குப் போட்டால் எளிதில் விளங்கும். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு பத்து மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 17 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேகம் 160 ஆனால் தாழ்வு 19 மில்லிமீட்டர். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பத்து மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே இரண்டரை மில்லிமீட்டர்தான். ஆகவே மலை ஏறிய ஒரே காரணத்தால் கிட்டத்தட்ட ஒரு வளையம் போகும். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் வென்றதும் இதே வளைய அளவில்தான். அந்த அளவில் ஒரு வளையம் என்ன பெறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது: மேலே வந்ததும் பத்துக் குண்டை வீணாகச் சுடுங்கள், பிறகு ஐந்தைச் சுட்டு நடுப்புள்ளி பாருங்கள், பின்குறியை, அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிபார்க்கும் தகட்டை, ஒவ்வொரு சொடுக்காக உயர்த்துங்கள். எத்தனை சொடுக்கு என்பதை "மேலே", "கீழே" என்று நோட்டில் எழுதிவிட்டால் அடுத்த தடவை இரண்டு நிமிட வேலை. இறங்கும்போது அதைத் திருப்ப மறந்துவிட்டுக் கோவைப் போட்டியில் திகைத்து நின்றவர்கள் உண்டு. நானும் நின்றிருக்கிறேன்.

இந்த உயரத்தில் ஒன்று மட்டும் கூடவே கூடாது. குண்டு போடாமல் வெறுமனே சுடாதீர்கள். பிஸ்டனுக்கு மெத்தையாக நிற்பது குண்டுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும் காற்றுத்தான். இங்கே அது ஏற்கெனவே மெலிந்த மெத்தை. குண்டும் இல்லாவிட்டால் பிஸ்டன் நேராக இரும்பில் போய் மோதும்.

"காலையில் பலமே இல்லை, மதியம் சரியாகிவிடுகிறது"

உள்ளே என்ன எண்ணெய் விட்டீர்கள்? இந்தக் கேள்விக்கு வீட்டில் இருந்ததை விட்டேன் என்று பதில் வந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. தேங்காய் எண்ணெய் சமவெளியில் எண்ணெய். கோத்தகிரி மார்கழியில் அது பாட்டிலில் கட்டியாக நிற்கும் வெண்ணெய். தலைக்குத் தேய்க்க அடுப்போரம் வைத்து உருக்கிக்கொள்கிறோம். பிஸ்டனை யார் அடுப்போரம் வைப்பார்கள்? வெயில் ஏறி அது இளகும் வரை பிஸ்டன் சேற்றில் மாட்டிய காலைப் போலத்தான் நகரும்.

தேங்காய் எண்ணெய் இல்லையென்றால், தொழிற்சாலையில் தாராளமாக அப்பிய கிரீஸ் குளிரில் இறுகியிருக்கலாம். முதல் ஏழெட்டுக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுப் பாருங்கள். அதற்கப்புறமும் மந்தம் தீராவிட்டால் உள்ளே கழுவிச் சன்னமான கிரீஸ் போட வேண்டும். அதற்கு ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும், அதைத் தனியாகச் செய்யாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் அழுத்தக் கருவி இல்லாமல் விடுபட்டால் மேலோடு போகிற காயம் ஆகாது.

"முதல் குண்டு டமார் என்றது, குழலிலிருந்து புகை வந்தது"

மலைக்கே உரிய நோய் இது. பக்கத்து எஸ்டேட்டில் ஒருவர் துருவைத் துடைக்க நீலகிரித் தைலத்தில் துணியை நனைத்துக் குழலுக்குள் விட்டார். மிச்சத்தை, காற்று குழலுக்குள் வரும் துளையிலும் இரண்டு சொட்டு விட்டார். மணம் நன்றாகத்தான் இருந்தது. முதல் குண்டுக்குப் பட்டாசுச் சத்தம், நீலப் புகை, கொட்டகை முழுக்கச் சளிக்கு ஆவி பிடித்த வாசனை. அட்டையில் குண்டு ஒரு சாண் மேலே.

பிஸ்டன் நொடியில் காற்றை அமுக்கும்போது அந்தக் காற்று கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்கிறது. லாரியின் டீசல் என்ஜின் தீப்பொறி இல்லாமல் எரிவது இதே விதமாகத்தான். பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் தடுக்கும் வாஷர் கருகும், ஸ்பிரிங் முறியலாம், குண்டின் வேகம் ஒவ்வொரு தடவையும் வேறாகும். தைலம், மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் காற்று அறைக்குள் போகக் கூடாது. வாஷர் காய்ந்திருந்தால் சிலிக்கோன் எண்ணெய் ஒரே சொட்டு விட்டு, துப்பாக்கியை ஓர் இரவு செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.

ஏற்கெனவே விட்டுவிட்டீர்களா? தூண்டில் நரம்பை மடித்து, மடிப்பில் துணித்துண்டு மாட்டி, பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். துணி சுத்தமாக வரும் வரை இழுங்கள். பிறகு பதினைந்து இருபது குண்டுகளில் புகை தானாக அடங்கும். அடங்காவிட்டால் எண்ணெய் அறைக்குள்ளேயே நிற்கிறது, கழற்றித் துடைக்கக் கொடுங்கள்.

"அட்டையில் துளை நீள்வட்டமாக இருக்கிறது"

குண்டு தலைகீழாகப் புரண்டு போய் விழுகிறது. மூன்று காரணம். ஒன்று, நசுங்கிய பாவாடை; மேலே சொல்லியாயிற்று. இரண்டு, தலை அளவு பொருந்தாமை. ஒரே 4.5 என்று எழுதிய டப்பாக்களிலும் தலை 4.49, 4.50, 4.51, 4.52 என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக மாறும். குண்டைக் குழலுக்குள் விரலால் தள்ளும்போது தானாகவே நழுவி உள்ளே போனால் சிறியது. கட்டைவிரல் வலிக்க அமுக்க வேண்டியிருந்தால் பெரியது. லேசாக எதிர்த்து, சட்டென்று உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் பேனாவின் மழுங்கிய பின்முனையால் மெல்ல ஒரு தட்டு. விளிம்போடு விளிம்பாக நிற்கட்டும். ஒவ்வொரு குண்டுக்கும் அதே தட்டு, அதே ஆழம்.

மூன்றாவது, குழல் வாயின் உள்விளிம்பு. சுவரில் சாய்த்து வைத்த துப்பாக்கி சரிந்து தரையில் இடித்திருந்தால் அங்கே ஒரு பிசிறு இருக்கும். பஞ்சுக்குச்சியை வாயின் உள்விளிம்பைச் சுற்றி மெதுவாகத் திருப்புங்கள். எங்கே பஞ்சு இழை மாட்டுகிறதோ அங்கே பிசிறு. உருண்டைத் தலைப் பித்தளை ஸ்க்ரூ ஒன்றின் தலையில் மெக்கானிக் கடையில் கிடைக்கும் வால்வு தேய்க்கும் பசையைத் தொட்டு, கைத்துளைக் கருவியில் மாட்டி, குழல் வாயில் வைத்து மெதுவாகச் சுற்றினால் பிசிறு தேயும். சுற்றும்போது கருவியை எல்லாப் பக்கமும் சிறிது சாய்த்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கமே தேயும். பசை உள்ளே போகாமல் முதலில் ஒரு துணி உருண்டையைக் குழலில் அடைக்க வேண்டும், முடிந்ததும் நினைவாக எடுக்கவும் வேண்டும்.

"வேகம் நாளுக்கு நாள் குறைகிறது"

குழல் மடங்கும் மூட்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது தேய்ந்தால் காற்று பக்கவாட்டில் கசியும். மெல்லிய காகிதத் துண்டை மூட்டின் மேல் கிடத்தி, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு ஒரு குண்டு சுடுங்கள். காகிதம் துள்ளினால் கசிவு. வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்து, அடியில் காகித வட்டம் ஒன்றை வெட்டிப் போட்டு மறுபடி மாட்டுங்கள். புது வளையம் வரும் வரை இது போதும். காகிதம் துள்ளாவிட்டால் உள்ளே வாஷரோ ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கிறது.

"குண்டின் மேல் வெள்ளைப் பொடி"

மூடுபனி ஈரத்தில் ஈயம் வெளுத்துப்போயிருக்கிறது. அந்தப் பொடி நஞ்சு. ஊதாதீர்கள், துணியால் தேய்த்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், டப்பாவோடு ஒதுக்குங்கள். புது டப்பாவை மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு, இறுக மூடும் பாத்திரத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

துருவும் இந்த ஈரத்தின் உறவுதான். கொட்டகைக் குளிரிலிருந்து துப்பாக்கியைக் கணப்பு மூட்டிய அறைக்குள் நேராகக் கொண்டுவந்தால், கண்ணாடி போட்டவர் டீக்கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடி பனிக்குமே, அதே மாதிரி இரும்பு முழுக்கத் தண்ணீர் பூக்கும். உறையைத் திறக்காமல் அரை மணி நேரம் ஓரமாக வைத்துவிட்டு, பிறகு எடுத்து வெளிப்புறத்தை மட்டும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

"மடக்கினால் பிடிக்கவில்லை" அல்லது "தொட்டாலே விடுபடுகிறது"

இதற்குக் கைவைத்தியம் கிடையாது. விசையின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. அரத்தை எடுக்காதீர்கள், ஸ்க்ரூவைத் திருகி "லேசாக்க" முயலாதீர்கள். குழலில் குண்டு இல்லை என்று பார்த்து, மடக்காமல், உறையில் போட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது என்ன நடந்தது, எத்தனையாவது குண்டில் நடந்தது என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள்.